மலையாற்றில் நிம்ஃப் போட்டு ட்ரவுட் பிடிக்கப் பழக எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி சுருக்கமாக இதுதான். முள்ளில் பூச்சி போலக் கட்டிய போலி இரைதான் ஃப்ளை; அதில் தண்ணீர் மேல் மிதக்கும் உலர் ஃப்ளையில் ஓரளவு மீன் பிடித்துப் பழகிய ஒருவர், மலையாற்றில் நிம்ஃப் (நீரடிப் பூச்சியின் இளம்பருவத்தைப் போலக் கட்டி மூழ்கவிடும் ஃப்ளை) போட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு கடிகூட இல்லை. பாறை இடுக்கில் சிக்கி அறுந்த ஃப்ளைகள்தான் கணக்கில் இருக்கின்றன. அதே இடத்தில் இன்னொருவர் மீன்மேல் மீனாகத் தூக்குகிறார். "எந்த ஃப்ளை வாங்க வேண்டும்? நீளமான ராடு (தூண்டில் கோல்) இல்லாமல் முடியாதா? தக்கை கட்டலாமா? மீன் கடித்தது எப்படித் தெரியும்?" என்று கேட்கிறார்.

ஃப்ளை பற்றிய கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நிம்ஃப் சரியான ஆழத்தில் போகிறதா, அந்த ஆழத்துத் தண்ணீரின் வேகத்திலேயே போகிறதா, இந்த இரண்டும்தான் முக்கியம். இவை அமைந்துவிட்டால் சுமாரான ஃப்ளைக்கும் மீன் வாய் திறக்கும். அமையாவிட்டால் பெட்டி நிறைய ஃப்ளை இருந்தும் பயனில்லை. குளிர்ந்த ஆறுகளில் வாழும் ட்ரவுட் மீனை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். கிரேலிங் என்ற மீன் இருக்கும் ஆறுகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் தண்ணீர். ஆறு மேலிருந்து கீழ்வரை ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அடியில் கல்லும் பாறையும் உராய்ந்து ஓட்டத்தைத் தடுக்கின்றன. மேலே வர வர அந்தத் தடை குறைகிறது. ஆற்றின் சராசரி வேகத்தை ஒரே அளவீட்டில் எடுக்க நினைப்பவர்கள், மேற்பரப்பிலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் கருவியை வைப்பார்கள். அதற்குக் கீழே தண்ணீர் சராசரியை விட மெதுவாகத்தான் போகிறது. பெரிய கற்களுக்கு இடையில் கிட்டத்தட்ட நின்றே விடுகிறது. ட்ரவுட் கிடப்பது அங்கேதான். அதிகம் நீந்தாமல் நிற்க ஒரு மந்தமான இடம், தலைக்கு மேலும் பக்கத்திலும் தீனியைக் கொண்டுவந்து தரும் வேகமான ஓட்டம். இரண்டும் ஒட்டி இருந்தால் அதற்கு வேறென்ன வேண்டும்?

இப்போது உங்கள் நரம்பை, அதாவது ஃப்ளை கட்டிய தூண்டில் இழையைப் பாருங்கள். நிம்ஃப் அடியில் இருக்கிறது. நரம்போ வேகமான மேல் தண்ணீரை வெட்டிக்கொண்டு கீழே இறங்குகிறது. மேல் தண்ணீர் நரம்பைத் தள்ளுகிறது, நரம்பு நிம்ஃபை இழுக்கிறது. நிம்ஃப் அடியை விட்டு மேலே எழும்பி, பக்கத்தில் மிதந்து வரும் உண்மையான பூச்சிகளை முந்திக்கொண்டு ஓடுகிறது. உலர் ஃப்ளையில் இந்த இழுவை கண்ணுக்குத் தெரியும், ஃப்ளை தண்ணீரில் கோடு கிழித்துக் காட்டிக்கொடுத்துவிடும். நிம்ஃபில் எதுவும் தெரியாது. எல்லாம் ஒழுங்காக நடப்பது போலவே இருக்கும், மீன் மட்டும் வராது. உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. நரம்பு தண்ணீருக்குள் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் மிதந்து போகும் நுரையைப் பாருங்கள். நரம்பு நுரையோடு சேர்ந்தே போனால் நிம்ஃப் அடியில் இல்லை. நுரை நரம்பை மெல்ல முந்திக்கொண்டு போனால் நிம்ஃப் அடித் தண்ணீரில் இருக்கிறது. எவ்வளவு முந்த வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும், ஆனால் முந்தியாக வேண்டும். நிம்ஃப் பழகுகிற ஒருவர் முதலில் பார்க்கக் கற்க வேண்டியது இதைத்தான் என்பேன். வீச்சு, முடிச்சு எல்லாம் அப்புறம்.

சரி, நிம்ஃப் என்று எதைப் போடுகிறோம்? ஆற்றில் இறங்கி, ஓட்டமுள்ள இடத்தில் கையளவு கல் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஊர்பவை மூன்று வகையாக இருக்கும். வயிற்றின் இரு பக்கமும் செவுள் அசைய, பெரும்பாலும் மூன்று வால் இழைகளோடு இருப்பது மேஃப்ளையின் இளம்பருவம். இரண்டு வால், தடித்த கால்கள், கொஞ்சம் முரட்டு உடம்பு என்றால் ஸ்டோன்ஃப்ளை. மணலையோ குச்சியையோ ஒட்டிக் கூடு செய்து அதற்குள் இருப்பதும், கூடில்லாமல் புழுப் போல நெளிவதும் கேடிஸ். இவை போக மிட்ஜ் எனப்படும் கொசு போன்ற பூச்சிகளின் நூல் போன்ற புழுக்கள் எங்கும் உண்டு. பூச்சியியல் இவ்வளவு போதும். கல்லில் இருந்தவற்றின் அளவையும் நிறத்தையும் நினைவில் வையுங்கள், அந்த அளவில் ஒரு ஃப்ளையைக் கட்டுங்கள். பார்த்து முடித்ததும் கல்லை எடுத்த இடத்திலேயே, எடுத்தபடியே வைத்துவிட வேண்டும்.

ஃப்ளைப் பெட்டியில் ஃபெசன்ட் டெயில், ஹேர்ஸ் இயர், பெர்டிகோன் இந்த மூன்று வகை நிம்ஃபும் 14, 16 முள் அளவுகளில் (எண் கூடக் கூட முள் சிறியது) இருந்தால் வெகுகாலம் ஓட்டலாம். ஃபெசன்ட் டெயிலை உருவாக்கிய ஃபிராங்க் சாயர் இங்கிலாந்தின் ஏவன் ஆற்றில் ஆற்றுக் காவலராக இருந்தவர். மீனையும் பூச்சியையும் தண்ணீருக்குள் பார்த்துப் பார்த்துப் பழகியவர். நூலுக்குப் பதில் மெல்லிய செம்புக் கம்பியால் கட்டினார், அதனால் ஃப்ளை தானாகவே மூழ்கியது. கால்கூட வைக்கவில்லை, ஏனென்றால் நீந்தும் நிம்ஃப் காலை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொள்ளும் என்பதைக் கவனித்திருந்தார். பெர்டிகோன் ஸ்பெயினிலிருந்து வந்தது. வழவழப்பான பிசின் பூச்சு, இறகு முடி எதுவும் பிதுங்காத உடம்பு, தலையில் கனமான மணி. பூச்சியைப் போல இருக்கிறதா என்று கேட்டால் பெரிதாக இல்லை. ஆனால் கல்லைப் போல விழுந்து அடிக்குப் போய்விடும். வேகமான மலையாற்றில் அதுதான் அதன் முழு மதிப்பும்.

இங்கே ஒரு செய்தி இடையில். இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறை ஆறுகளில் நிம்ஃப் போடுவது கண்ணியமான செயலா என்று 1938-ல் லண்டனில் ஒரு விவாதமே நடத்தினார்கள். நிம்ஃபுக்காக வாதாடிய மீன்பிடி எழுத்தாளர் ஸ்கியூஸ் அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். இன்றும் சில ஆறுகளில் நிம்ஃபுக்குத் தடை அல்லது குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் அனுமதி என்று விதி இருக்கிறது. இரண்டு ஃப்ளை கட்டலாமா, கனம் சேர்க்கலாமா என்பதும் ஆற்றுக்கு ஆறு மாறும். உரிமச் சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்து சாமான்கள். இப்போது எல்லோரும் பேசும் யூரோ நிம்ஃபிங் முறை வளர்ந்ததில் போட்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1981 முதல் நடக்கும் உலக ஃப்ளை ஃபிஷிங் போட்டிகளின் விதிப்படி தக்கை கட்டக் கூடாது, நரம்பில் ஈயக்குண்டு சேர்க்கக் கூடாது. கனம் முழுவதும் ஃப்ளைக்குள்ளேயே இருக்க வேண்டும். போலந்து, செக், பிரெஞ்சு, ஸ்பானிஷ் வீரர்கள் இந்தக் கட்டுக்குள் நின்றே வழி கண்டுபிடித்தார்கள். வீச்சுக்குக் கனம் தரும் தடித்த ஃப்ளை லைனைத் தண்ணீரில் படவே விடாமல், மெல்லிய நரம்பை ராடு நுனியிலிருந்து நேராக நிம்ஃப் வரை லேசான விறைப்பில் வைத்துக்கொள்வதுதான் அந்த வழி. தண்ணீரில் கிடக்கும் நரம்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு இழுவை குறையும்.

அதற்கென்று 10 முதல் 11 அடி நீளத்தில், 2 முதல் 4 எடை வரிசையில் (எண் குறைந்தால் ராடு மென்மை) ராடுகள் வருகின்றன. இருந்தால் நல்லது. நீளம் கூடினால் எட்டும் தூரம் கூடும், மென்மையான நுனி மெல்லிய நரம்பை அறுபடாமல் காக்கும். ஆனால் கையில் இருக்கும் 9 அடி, 5 எடை ராடை வைத்தே பழகத் தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். நாலைந்து மீட்டர் தூரத்துக்குள் அதில் எல்லாமே செய்ய முடியும். மலையாற்றில் பாதி இடங்களில் அதற்கு மேல் தூரம் தேவைப்படாது. பழகிய பிறகு எந்த ராடு வேண்டும் என்பது கைக்கே தெரிந்துவிடும்.

காசைச் செலவழிக்க வேண்டிய இடம் நரம்பு. ஃப்ளை லைனின் நுனியிலிருந்து 0.28 மில்லிமீட்டர் அளவில் சாதாரண மோனோ நரம்பு நாலு மீட்டர். அதன் முனையில் சைட்டர் என்ற இருநிற நரம்பு அரை மீட்டர், பளிச்சென்று கண்ணில் தெரிவதற்காக. சைட்டரின் முனையில், நரம்புகளை இணைக்க 2 மில்லிமீட்டர் டிப்பெட் வளையம். வளையத்திலிருந்து 5எக்ஸ் ஃப்ளூரோகார்பன் டிப்பெட், அதாவது ஃப்ளை கட்டும் மெல்லிய கடைசி நரம்பு, ஒன்றேகால் மீட்டர், அதில் ஒரே ஒரு நிம்ஃப். ஒரு மாதத்துக்கு இரண்டாவது ஃப்ளை வேண்டாம்.

எக்ஸ் கணக்கு குழப்பினால் இப்படி நினைவில் வையுங்கள்: பதினொன்றிலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் தடிமன் ஆயிரத்தில் எத்தனை அங்குலம் என்று வரும். 5எக்ஸ் என்றால் 0.006 அங்குலம், ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர். 6எக்ஸ் 0.127 மில்லிமீட்டர். இந்தச் சிறு வித்தியாசம் ஆற்றில் பெரிதாகத் தெரியும், மெல்லிய டிப்பெட்டில் அதே ஃப்ளை சட்டென்று கீழே இறங்கும். மீன் கண்ணுக்கு நரம்பு தெரியக் கூடாது என்பதற்காகத்தான் எல்லோரும் மெல்லிய டிப்பெட் கட்டுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். பாதிக் காரணம் இந்த இறங்கும் வேகம்தான்.

கனத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தொடங்குபவர்கள் ஃப்ளையை மாற்றுகிற நேரத்தில் பழகியவர்கள் கனத்தை மாற்றுகிறார்கள். டங்ஸ்டனின் அடர்த்தி ஈயத்தை விட ஒன்றரை மடங்குக்கும் மேல், பித்தளையை விட இரண்டு மடங்குக்கும் மேல். அதனால்தான் சின்ன ஃப்ளையிலும் போதுமான கனம் வைக்க முடிகிறது. ஒரே மாதிரி ஃப்ளையை 2, 2.5, 3, 3.5 மில்லிமீட்டர் மணிகளோடு வைத்துக்கொள்ளுங்கள். பத்து வகை ஃப்ளையை விட ஒரு வகையில் நாலு கனம் மேலானது. முழங்கால் ஆழத்தில் நடுத்தர ஓட்டத்துக்கு 2.5 மில்லிமீட்டரில் தொடங்கலாம். தொடை ஆழம், நல்ல வேகம் என்றால் 3 அல்லது 3.5. கணுக்காலைக் கொஞ்சம் தாண்டிய தண்ணீருக்கு 2.

சரியான கனமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை நிம்ஃப் அடியை லேசாகத் தொட வேண்டும். சைட்டர் நொடியில் ஒரு துள்ளு துள்ளும், கையில் 'டிக்' என்று ஒரு உணர்வு வரும். ஒருமுறைகூடத் தொடவில்லை என்றால் மேலே போகிறது. ஒவ்வொரு வீச்சிலும் தொட்டுத் தொட்டு நின்றால் கனம் அதிகம். அடியைத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும் என்று சிலர் சொல்வார்கள், அதில் எனக்கு உடன்பாடில்லை. மீனின் கண் மேல்நோக்கியும் முன்நோக்கியும் பார்க்கிறது. தனக்குக் கொஞ்சம் மேலே வருவதை எளிதாக எடுக்கும், வயிற்றுக்குக் கீழே போவதைக் குனிந்து பொறுக்குவது அபூர்வம். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் போனால் போதும். ஃப்ளைகளும் மிஞ்சும். ஜிக் முள்ளில் (கண்ணருகே வளைந்த முள்) கட்டியவற்றை வாங்கினால் முள்முனை மேல்நோக்கி நிற்கும், கல்லில் மாட்டுவது இன்னும் குறையும்.

கனத்தை மாற்றுவதற்கு முன் செய்து பார்க்கக்கூடிய வேறு சில உண்டு. ஓட்டத்தின் மேல்பக்கமாக இன்னும் கொஞ்சம் தள்ளி வீசினால் நிம்ஃபுக்கு இறங்க நேரம் கூடும். ராடு நுனியைத் தாழ்த்தினாலும் கீழே போகும், உயர்த்தினால் மேலே வரும். டிப்பெட்டை 5எக்ஸிலிருந்து 6எக்ஸுக்கு மாற்றினால் கொஞ்சம் பெரிய மணி கட்டியது போல. இவற்றில் எதுவும் போதவில்லை என்றால் மணியை மாற்றுங்கள்.

வீச்சுக்கு வருவோம். உலர் ஃப்ளையில் லைனின் கனம் ஃப்ளையை எடுத்துப் போகிறது. இங்கே லைன் ராடை விட்டு வெளியே வருவதே இல்லை, நிம்ஃபின் கனமே நரம்பை இழுத்துப் போக வேண்டும். எனவே தலைக்கு மேல் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒரு மிதப்பு (ஒரு வீச்சில் நிம்ஃப் ஓட்டத்தோடு வரும் தூரம்) முடிந்ததும் நிம்ஃப் உங்களுக்குக் கீழே, ஓட்டத்தில் நரம்பு விறைத்து நிற்கும். அந்த விறைப்பையே பயன்படுத்தி, பக்கவாட்டில் அகலமான வளைவாக ஒரே சுண்டில் ஓட்டத்தின் மேல்பக்கமாக அனுப்புங்கள். மேலே நிறுத்தும்போது ராடைக் கொஞ்சம் சீக்கிரமாகவும் உயரமாகவும் நிறுத்தினால் நிம்ஃப் நரம்புக்கு முன்னால் மூக்குக் குத்தி விழும். நிம்ஃப் முதலில், நரம்பு பின்னால். விழுந்த நொடியிலிருந்து தடையில்லாமல் இறங்க அது இடம் கொடுக்கும். நரம்பு முதலில் தண்ணீரில் படுத்துவிட்டால் அந்த வீச்சு வீண், எடுத்து மறுபடி போடுங்கள்.

இன்னொன்று, நிம்ஃபும் நரம்பும் ஒரே ஓட்டத்தில் விழ வேண்டும். மலையாற்றில் ஒரு மீட்டர் அகலத்துக்குள் மூன்று வேகங்கள் ஓடும். நிம்ஃப் மந்தமான பட்டையிலும் நரம்பு வேகமான பட்டையிலும் விழுந்தால் எந்தக் கனமும் காப்பாற்றாது. இதற்காகவே நேர் குறுக்கே வீசாமல், ஓட்டத்தின் மேல்பக்கமாக, உங்களிடமிருந்து சற்றே சாய்ந்த கோணத்தில் வீசச் சொல்கிறார்கள்.

நிம்ஃப் விழுந்ததும் ராடு நுனியை மெல்ல உயர்த்தித் தொய்வை எடுங்கள். நுனியிலிருந்து நரம்பு பட்டக்கயிறு போல லேசாகத் தொய்ந்து இறங்கினால் சரி. விறைத்து நேராக நின்றால் நீங்கள் நிம்ஃபை இழுக்கிறீர்கள், வளைந்து தொங்கினால் கடி உங்களுக்குத் தெரியாது. நிம்ஃப் உங்களை நோக்கி வர வர, ராடு நுனி அதற்குக் கொஞ்சம் முன்னால், அடித் தண்ணீரின் வேகத்தில் நகர வேண்டும். கை அவசரப்படும், மேல் தண்ணீரின் வேகத்தில் போகச் சொல்லும். நுரையைப் பார்த்து அதை விட மெதுவாகப் போங்கள். உங்களைத் தாண்டிய பிறகு ராடைத் தாழ்த்திக்கொண்டே தொடருங்கள், கடைசியில் ஒரு நொடி நிறுத்துங்கள். ஓட்டம் நிம்ஃபை அடியிலிருந்து மேலே தூக்கும். சிறகு விரிக்க மேலே ஏறும் பூச்சியின் நடத்தை அப்படியே அதுதான். சாயர் இதையே வேண்டுமென்று செய்வார்: மீனுக்கு முன்னால் நிம்ஃப் வரும்போது ராடை மெல்ல உயர்த்துவார், அதுவரை சும்மா பார்த்துக்கொண்டிருந்த மீன் பாய்ந்து எடுக்கும். முழு மிதப்பும் நாலு மீட்டர் இருந்தால் போதும். நீளமான மிதப்புக்கு ஆசைப்பட வேண்டாம்.

கடி எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். பெரும்பாலும் கையில் தெரியாது. ட்ரவுட் நிம்ஃபை வாயில் வாங்கி, பூச்சி இல்லை என்று தெரிந்து துப்புவதற்குள் உங்களுக்கு இருப்பது மிகக் குறைந்த நேரம். பார்க்க வேண்டியது சைட்டரை. அது நிற்கலாம். சட்டென்று நேராகலாம். பக்கவாட்டில் அரை அங்குலம் நகரலாம். வந்துகொண்டிருந்த வேகம் கொஞ்சம் குறையலாம். இவற்றில் எது நடந்தாலும் சுண்டுங்கள். கல்லாக இருக்குமோ என்ற யோசனை வந்தாலும் சுண்டுங்கள், யோசித்து முடிப்பதற்குள் மீன் துப்பியிருக்கும். ஆனால் சுண்டு சின்னதாக இருக்கட்டும். மணிக்கட்டு அளவு, ராடைக் கீழோட்டப் பக்கமாகப் பக்கவாட்டில். மேல்நோக்கி ஓங்கி இழுத்தால் 5எக்ஸ் அறுந்துபோகும், இல்லாவிட்டால் ஃப்ளை மரக்கிளையில் போய் உட்காரும். ஒவ்வொரு மிதப்பின் முடிவிலும் காரணமே இல்லாமல் ஒருமுறை சுண்டிவிட்டு அடுத்த வீச்சுக்குப் போவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அப்படிச் சும்மா சுண்டியதில் மாட்டும் மீன்கள் ஒரு உண்மையைச் சொல்லும்: நமக்குத் தெரியாமல் போன கடிகள் எத்தனையோ.

எங்கே வீசுவது என்பதில் மலையாறு ரொம்பவே தாராளம். மடுவின் ஆழமான நடுப்பகுதிதான் கண்ணை இழுக்கும், தொடங்குபவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நிம்ஃபுக்கு அது கடினமான இடம். மடுவுக்குள் தண்ணீர் விழும் தலைப்பகுதி நல்ல இடம், வெள்ளை நுரை அடங்கும் விளிம்பில் தொடங்குங்கள். பாறைகள் சிதறி, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வாளித் தண்ணீர் அளவுக்கு மந்தமான குழி இருக்கும் இடங்கள் பழகுவதற்கு மிகச் சிறந்தவை. மேற்பரப்பு உடைந்திருப்பதால் மீன் உங்களைச் சரியாகப் பார்க்காது, ஐந்து மீட்டர் வரை நெருங்கலாம், குட்டையான மிதப்பே போதும், மீனுக்கும் யோசிக்க நேரம் கிடையாது. பாறைக்குப் பின்னால் மட்டுமில்லை, முன்னாலும் போடுங்கள். ஓட்டம் பாறையில் மோதித் திரும்பும் இடத்தில் ஒரு மெத்தை போல் மந்தமான தண்ணீர் இருக்கும். நல்ல மீன் அங்கே நிற்பதுண்டு, பலரும் அதை மிதித்துக்கொண்டே போவார்கள்.

வேகமும் மந்தமும் சேரும் கோட்டை எங்கே பார்த்தாலும் விடாதீர்கள். நுரை ஒரு வரிசையாக எங்கே போகிறதோ, மிதந்து வரும் தீனியும் அந்த வழியேதான் போகிறது.

மீன் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்திருக்கும், எனவே கீழிருந்து மேலாக நடங்கள். தண்ணீருக்கு வெளியே உள்ள உலகம் மீனுக்குச் சுமார் 97 பாகைக் கூம்பு வழியாகத்தான் தெரிகிறது. அந்த வட்டத்தின் ஓரத்தில், தாழ்வாக இருப்பவை நசுங்கி மங்கலாகத் தெரியும். குனிந்து போவதில் பலன் உண்டு, மந்தமான தெளிந்த தண்ணீரில் மண்டி போடுவதிலும் வெட்கமில்லை. முதலில் காலடிக்கு மிக அருகில் உள்ள தண்ணீர், பிறகு ஒரு முழம் தள்ளி, பிறகு இன்னொரு முழம். எல்லாப் பட்டைகளிலும் மிதக்கவிட்ட பிறகுதான் இரண்டு எட்டு மேலே. முப்பது மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அதையே முழுசாகச் செய்யுங்கள். ஆறு முழுக்க ஓடித் திரிவதில் கற்றுக்கொள்ள எதுவுமில்லை.

தக்கை கட்டலாமா? கட்டலாம், அதில் இழுக்கு ஒன்றுமில்லை. அகலமான ஆற்றில் எட்டாத தூரத்துக்கு, மந்தமான ஆழத்துக்கு, காற்று பலமாக அடித்து மெல்லிய நரம்பைத் தூக்கிப் போகும் நாளுக்குத் தக்கைதான் சரி. ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் ஃப்ளைக்கு மேலே கட்டுங்கள், நரம்பு சாய்வாகத்தான் இறங்கும் என்பதால் அந்தக் கணக்கு. கனத்துக்கு ஈயக்குண்டு சேர்த்தால் ஃப்ளைக்கு ஒரு சாண் மேலே. ஆனால் தக்கை மேல் தண்ணீரில் மிதக்கிறது, மேல் தண்ணீரின் வேகத்தில் போகிறது. முதலில் சொன்ன பிரச்சினை அதிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் மலையாற்றில் தொடங்குபவருக்குத் தக்கையில்லாத முறையையே முதலில் சொல்வேன். பலர் தக்கைதான் எளிது என்பார்கள். கடியைப் பார்ப்பது எளிது, உண்மைதான். ஆனால் நிம்ஃப் அடியில் என்ன செய்கிறது என்று கைக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

ஆற்றில் இறங்குவது பற்றிச் சுருக்கமாக. பனி உருகி வரும் ஆறுகளில் காலையில் முழங்கால் அளவில் கடந்த இடம் பிற்பகலில் இடுப்பளவு ஆகலாம், திரும்பும் வழியை முன்கூட்டியே யோசியுங்கள். ஓட்டத்துக்குப் பக்கவாட்டாக நின்று, காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நகருங்கள். கையில் ஊன்றுகோல், வேடர் (தண்ணீர் புகாத நீள உடை) அணிந்தால் இடுப்பில் கட்டாயம் பெல்ட், கண்ணுக்கு போலரைஸ்டு கண்ணாடி. அந்தக் கண்ணாடி மீனைக் காட்டுவதை விட, கால் வைக்கப் போகும் குழியைக் காட்டுவதில்தான் அதிகம் உதவும். ஃபெல்ட் (கம்பளி போன்ற அழுத்தத் துணி) அடிப்பாகம் உள்ள காலணிகள் ஒரு ஆற்றின் பாசியை இன்னொரு ஆற்றுக்குக் கொண்டுபோகும். டிடிமோ பாசி பரவியதால் நியூசிலாந்து 2008-ல் அவற்றைத் தடைசெய்தது. ரப்பர் அடிப்பாகமே வாங்குங்கள், ஆறு மாறும் முன் கழுவிக் காயவையுங்கள். இனப்பெருக்கக் காலத்தில் கூழாங்கல் படுகையில் சுத்தமாகத் துடைத்துவிட்டது போல வெளுத்த திட்டுகள் தெரிந்தால் அவை ட்ரவுட் முட்டையிட்ட இடங்கள், அவற்றின் மேல் மிதிக்கக் கூடாது.

மீனைத் திரும்ப விடுவதாக இருந்தால் முள்ளின் எதிர்ப்பல்லைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள், கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், முடிந்தவரை தண்ணீரிலேயே வைத்து முள்ளை எடுங்கள். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அன்றைக்கு ட்ரவுட்டை விட்டுவிடுவது நல்லது. சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு, போராடிக் களைத்த மீன் நீந்திப் போய்விட்டு அப்புறம் செத்துப்போகும். ஒரு சின்ன வெப்பமானி பையில் இருக்கட்டும். எட்டு டிகிரிக்குக் கீழே இருந்தால் மீன் சோம்பலாக இருக்கும் என்பதையும் அது சொல்லும். அப்போது வேகமான ஓட்டத்தை விட்டு, மந்தமான இடங்களில் மெதுவாகப் போடுங்கள்.

இன்னும் கடி இல்லையா? வரிசை இதுதான்: முதலில் நுரைச் சோதனை, பிறகு கோணம், பிறகு கனம், பிறகு இடம். இவை எல்லாம் சரியாக இருந்து, மேலும் கீழும் மீன் நிற்பது கண்ணாலேயே தெரிந்து, அப்போதும் எடுக்கவில்லை என்றால்தான் ஃப்ளையை மாற்றுங்கள். அப்போதும் நிறத்தை விட அளவை முதலில் குறைத்துப் பாருங்கள், 14 இருந்த இடத்தில் 18.

ஒரு நிம்ஃபில் கடி தெரியத் தொடங்கிய பிறகு இரண்டாவதைச் சேர்க்கலாம். கனமானது முனையில், அதற்கு அரை மீட்டர் மேலே லேசான ஒன்று. டிப்பெட்டின் இரண்டு துண்டுகளை மூன்று சுற்றுச் சர்ஜன் முடிச்சால் இணைத்தால், கீழ்நோக்கித் தொங்கும் முனை ஒன்று மிஞ்சும். அதை வெட்டிவிடாமல் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் விட்டு, மேல் ஃப்ளையை அதில் கட்டுங்கள். முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் உராய்ந்த சூட்டில் நரம்பு பலமிழக்கும். மேல் ஃப்ளையில் அடிக்கடி மீன் மாட்டினால் அன்றைக்கு மீன்கள் அடியை விட்டுக் கொஞ்சம் எழும்பி நிற்கின்றன என்று அர்த்தம். கீழே இருப்பதற்கு ஒரு படி சிறிய மணி போட்டு மறுபடி அதே தண்ணீரில் வீசுங்கள்.